ஒப்படைக்கப்படாத மூன்று உறைகள்

அத்தியாயம் பதினொன்று

சென்ற வாரம் சின்னவளைக் கண்ணாடிக் கடை வாசலில் நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். அவளை ஏழு நாள் வெயிலில் நிறுத்தியதற்கு வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வரி. நில அதிர்வு ஆய்வு நிறுவனத்தில் கருவிகளைப் பராமரிக்கும் பொறியாளர் சின்னவள். ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு மேட்டுநிலத்துக்குப் பதினோரு மாதப் பணிக்குப் புறப்படுகிறாள். நாளைக் காலை ஆறு மணிக்கு வண்டி. ஆறு நாள் பயணத்தின் முடிவில் இருக்கும் அந்த முகாமில் தொலைபேசி கிடையாது, அஞ்சல் கிடையாது. நிறுவனத்தின் வானொலி ஒன்றுதான் வெளியுலகத்தோடு பேசும்.

கண்ணாடி அணிகிறவர்கள் மாற்றுக் கண்ணாடி இரண்டு கொண்டுபோக வேண்டும் என்பது விதி. சின்னவளின் அக்காவே கண் பரிசோதித்துக் கண்ணாடி செய்து தரும் கடை வைத்திருக்கிறாள். ஆனால் தங்கை படியேறியதும் பெரியவள் கடை உதவியாளரான அம்மாளிடம், "வந்தவங்களுக்கு என்ன வேணும்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டாள்.

நான்கு வருடமாக இப்படித்தான். ஏன் என்று சின்னவளுக்குத் தெரியாது. புறப்படுவதற்குள் அக்காவோடு ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். அவளுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். மனத்தாங்கலோடு போகிறவர்களுக்குப் பதினோரு மாதம் இரு மடங்கு நீளம் என்பதை அவள் நான்கு வருடத்துக்கு முந்தைய பயணத்தில் அறிந்திருக்கவில்லை. அப்போது அவளுக்கு யாரோடும் மனத்தாங்கல் இல்லை, அல்லது இல்லை என்று நினைத்திருந்தாள்.

உதவியாளரிடம் கண்ணாடிக்குச் சொல்லிவிட்டு வந்த மறுநாள், அதாவது இன்று காலை ஒன்பது மணிக்கு, அவள் நிறுவனத்தின் செய்திப் பிரிவில் இருந்தாள்.

புறப்படுகிறவர்கள் ஏழு மேசைகளில் கையெழுத்து வாங்க வேண்டும். ஆறு முடிந்திருந்தது. ஏழாவது மேசைக்காரருக்கு நிறுவனம் முழுவதும் 'பசை' என்று பெயர். விதியோடு அப்படி ஒட்டிக்கொண்டிருப்பவர்.

"உக்காருங்கம்மா. பல் டாக்டர் கையெழுத்து ஆச்சா?"

"ஆச்சு சார். ரெண்டு கடைவாய்ப் பல்லை எடுத்துட்டுத்தான் போட்டாரு."

"அங்க போய் வலிச்சா நாங்க வானொலியில பல் பிடுங்க முடியாது பாருங்க" என்றார் பசை, சிரிக்காமல். பிறகு ஒரு பழுப்பு நிறக் கோப்பை எடுத்து வைத்தார். "புதுக் கோப்பு தொறக்கணும்னா பழசை மூடணும். உங்க பழைய கோப்புல ஒரு சின்ன பாக்கி. மூணு இடத்துல நீங்க கையெழுத்துப் போடல."

"எதுக்கு சார் கையெழுத்து?"

"செய்தி பெற்றுக்கொண்டதுக்கு."

கோப்பிலிருந்து மூன்று உறைகளை எடுத்துச் சீட்டுக்கட்டு போல வரிசையாக வைத்தார். மூன்றும் ஒட்டப்பட்டு, ஒட்டிய இடத்தில் முத்திரை குத்தப்பட்டிருந்தன. தேதிகள் நான்கு வருடத்துக்கு முந்தையவை.

"எனக்கு வந்ததா?"

"உங்க பேர்தானம்மா போட்டிருக்கு."

வேறு யாருடைய உறைகளோ தவறி இங்கே வந்துவிட்டன என்றுதான் சின்னவளுக்குத் தோன்றியது. மரியாதைக்காக மூன்று இடத்திலும் கையெழுத்திட்டாள். தேதி போடச் சொன்னார். இன்றைய தேதியைப் போட்டாள். உறைகளையும் அவற்றோடு அவர் பின் குத்தித் தந்த ரசீதுகளையும் வாங்கிக்கொண்டு, குடிநீர் வைத்திருந்த தாழ்வார மூலைக்குப் போய் முதல் உறையைப் பிரித்தாள்.

அத்தான் அனுப்பிய மின்னஞ்சலின் அச்சுப் பிரதி அது. அத்தான் தொலைதூர லாரி ஓட்டுபவர். வாய் திறந்து பேசுவதே அபூர்வம். எழுத்தில் அவரை அவள் பார்த்ததே இல்லை.

'சின்னவளுக்கு. நீ வந்ததும் காட்டலாம் என்று ஒளித்து வைத்திருந்த சேதி முந்திக்கொண்டது. இன்று அதிகாலை அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தாள். ஏழாம் மாதமே வந்துவிட்டாள். சித்தியைப் போல அவசரக்காரி என்கிறாள் அக்கா. எடை குறைவு என்பதால் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். பெயர் நீதான் வைக்க வேண்டுமாம். உடனே பதில் அனுப்பு.'

இரண்டாவது, ஆறு நாள் கழித்து.

'உன் பதில் வரவில்லை. அங்கே வானொலி பழுதா? குழந்தைக்கு மூச்சு விடச் சிரமமாக இருக்கிறது. நான் நாலைந்து பெயர் சொன்னேன், அக்கா ஒன்றையும் ஏற்கவில்லை. நீ சொல்வாய் என்று இருக்கிறாள். நீளமாக எழுத வேண்டாம். ஒரு சொல் போதும்.'

மூன்றாவது இரண்டே வரி.

'நேற்று மாலை குழந்தை போய்விட்டாள். பெயர் இனி வேண்டாம்.'

சின்னவள் மூன்றையும் மறுபடி படித்தாள். எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. பொருள் மட்டும் உள்ளே வர மறுத்து வாசலில் நின்றது. யாரோ பின்னால் வந்து, "தண்ணி பிடிச்சுக்கலாமாம்மா?" என்று கேட்டார்கள். "பிடிங்க பிடிங்க" என்று புன்னகையோடு விலகி நின்றாள். அந்தப் புன்னகை வெகுநேரம் முகத்திலேயே கிடந்தது. அதை எடுக்க வேண்டும் என்பது அவளுக்கு நினைவில்லை.

அக்காவுக்கு ஒரு குழந்தை இருந்தது. ஒன்பது நாள் இருந்தது.

அவள் திரும்பி வந்து அதே மேசையின் முன் நின்றாள்.

"சார், இதை ஏன் எனக்கு அப்பவே அனுப்பல?"

பசை கோப்பைப் புரட்டி ஒரு படிவத்தை அவள் பக்கம் திருப்பினார். வீட்டுச் செய்தி விருப்பப் படிவம். மூன்று கட்டங்கள்: உடனே தெரிவிக்கவும், முகாமிலிருந்து திரும்பியபின் தெரிவிக்கவும், தெரிவிக்க வேண்டாம். இரண்டாவது கட்டத்தில் அவள் கையால் போட்ட குறி. அந்த வருடம் சக ஊழியர் ஒருவர் களத்தில் இருக்கும்போது கெட்ட செய்தி கேட்டு, கம்பிக் கோபுரத்திலிருந்து தவறி விழுந்திருந்தார். அதனால் குழுவில் எல்லாருமே இரண்டாவதில்தான் குறி போட்டார்கள். பேசிக்கொண்டே போட்ட குறி.

"கெட்ட செய்திக்குன்னு நெனச்சேன் சார். குழந்தை பொறந்தது நல்ல செய்திதானே."

"நல்லது கெட்டதுன்னு பிரிக்கணும்னா நாங்க படிக்கணும்மா. நாங்க படிக்கிறதில்ல. அச்சாகி வந்ததும் மடிச்சு ஒட்டிடுவோம். அனுப்பினவங்களுக்கு, செய்தி கிடைச்சுது, உரியவர்கிட்ட சேரும்னு ஒரு பதில் தானாப் போயிடும்."

"திரும்பி வந்தப்பவாவது குடுத்திருக்கலாமே?"

"நீங்க திரும்பின மாசம்தான் பிரிவு இந்தக் கட்டடத்துக்கு மாறுச்சு. கோப்பு பெட்டியோட வந்து, பெட்டியோடவே இருந்திருக்கு. போன வாரம் நான்தான் தொறந்தேன்." அவர் குரல் முதல் முறையாக இறங்கியது. "கெட்ட செய்தியாம்மா?"

"பழைய செய்தி சார்."

அவர் புதிய படிவத்தை நீட்டினார். சின்னவள் முதல் கட்டத்தில் குறியிட்டாள். அழுத்திய வேகத்தில் பேனா முனை தாளைக் கிழித்துவிட்டது. விதிப்படி கிழிந்த படிவம் செல்லாது. பசை ஒன்றும் சொல்லாமல் அதன் மேல் முத்திரை குத்தினார்.

வீட்டில், கூடம் முழுவதும் பதினோரு மாதம் பரப்பி வைக்கப்பட்டிருந்தது.

சோப்பு இருபத்திரண்டு, பற்பசை பதினொன்று, கம்பளிக் காலுறை முப்பது ஜோடி. அவற்றின் நடுவே அம்மா உட்கார்ந்து காலுறைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அப்பா போன பிறகு இரண்டு பெண்களையும் ஒற்றை ஆளாக வளர்த்தவள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருடம் துணி மடித்த கைகள். காலுறைகள் முட்டைகளைப் போல ஒரே அளவில் உருண்டு விழுந்துகொண்டிருந்தன.

"வந்துட்டியா? இந்தப் பச்சை ஸ்வெட்டர் வேணாம்டி, இதுல நீ கொடிக்கம்பத்துக்குத் துணி சுத்தின மாதிரி இருக்க."

"அம்மா, அக்காவுக்குக் குழந்தை பொறந்துச்சா?"

அம்மாவின் கை நிற்கவில்லை. ஒரு ஜோடியைச் சுருட்டி முடித்து, அடுத்ததை எடுத்தாள். அதைச் சுருட்டவில்லை.

"யாரு சொன்னா?"

"அத்தான். நாலு வருஷத்துக்கு முன்னாடி சொல்லியிருக்காரு. இன்னைக்குத்தான் என்கிட்ட வந்துச்சு."

உறைகளைத் தரையில் வைத்தாள். அம்மா அவற்றைத் தொடவில்லை.

"நான் வந்து இறங்கின அன்னைக்கு ஸ்டேஷன்ல என்னம்மா சொன்ன? 'அக்காகிட்ட ஒண்ணும் கேக்காத, அவளாப் பேசினாப் பேசு'ன்னு சொன்ன. அவ ஆஸ்பத்திரியில கண்ணு பாக்கற வேலைய விட்டதைத்தான் சொல்றன்னு நெனச்சேன். எனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நீங்க எல்லாரும் நெனச்சிருக்கீங்க."

அம்மா, "ஆமா" என்று சொல்லியிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். யாரும் வேண்டுமென்று செய்யாத ஒரு தவறு. ஒரு பெட்டி, ஒரு கட்டடம், ஒரு படிவம். சின்னவள் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தாள்.

அம்மா காலுறையை விரித்தாள். மறுபடி மடித்தாள்.

"மொதல்ல அப்படித்தான் நெனச்சேன்" என்றாள்.

"மொதல்லன்னா?"

"நீ வந்து ரெண்டு வாரம் கழிச்சு, 'அக்கா ஏம்மா இப்படி இருக்கா, அத்தானோட சண்டையா'ன்னு கேட்ட. இதே இடத்துல. அப்பதான் எனக்குப் பொறி தட்டுச்சு. இவளுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு."

தெருவில் யாரோ வண்டியைப் பின்னோக்கி எடுக்கும் ஓசை கேட்டது.

"தெரிஞ்சும் சொல்லலையா?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன்."

"நாலு வருஷமா வாயெடுத்துக்கிட்டே இருந்தியா?"

"நக்கல் பண்ணாதடி." அம்மா முதல் முறையாக நிமிர்ந்தாள். அவள் கண்ணில் நீர் இல்லை. "குழந்த போன பிறகு அவ எந்திரிக்கவே இல்ல. சொவத்தப் பாத்துப் படுத்திருப்பா. தலை சீவிவிட்டாச் சீவிக்குவா, தண்ணி குடுத்தாக் குடிப்பா. பொம்மை மாதிரி. பதினெட்டு நாள். நீ வந்து வாசல்ல நின்னு அவளப் பாத்து என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா?"

சின்னவளுக்கு ஞாபகம் இருந்தது. இந்த நிமிடம் வரை அது ஒரு கேலியாக இருந்தது.

"'நான் இல்லாம நல்லாத் தூங்கித் தூங்கி மூஞ்சி ஊதிப்போச்சு போல'ன்னு சொன்ன. நீ குளிக்கப் போனதும் அவ எந்திரிச்சா. தானா எந்திரிச்சு, சமையல்கட்டுக்கு வந்து, தட்டைக் கழுவிச் சாப்பிட்டா. 'இவ மனுஷியாம்மா'ன்னு கேட்டா. அதுதான் அவ பேசின மொதப் பேச்சு. மறுநாள் கடைக்கு இடம் பாக்கப் போனா. உன்மேல இருந்த கோவம்தான்டி அவள நிக்க வச்சுது. அதைப் போய் நான் எப்படிப் பிடுங்குவேன்?"

"அதுக்கு நான் என்னம்மா பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல. நீ தாங்கிக்குவன்னு நெனச்சேன். எங்க தூக்கிப் போட்டாலும் நீ நாலு கால்ல நிப்ப. அவ அப்படி இல்ல. ஒரு வருஷம் போகட்டும்னு விட்டேன். ஒரு வருஷம் ஆன பிறகு, இத்தன நாளா ஏன் சொல்லலன்னு கேப்பாளேன்னு பயம். அப்புறம் அதுவே பழகிடுச்சு."

சின்னவள் எழுந்தாள். காலுறை ஒன்று காலில் பட்டு உருண்டு அலமாரிக்கு அடியில் போனது.

"எங்க போற?"

"கடைக்கு."

"சின்னவளே." அம்மா அவளை அப்படிக் கூப்பிட்டுக் கேட்டது குறைவு, வழக்கமாக 'ஏய்'தான். "சொல்லு. வேணாங்கல. என்னைப் பத்தி மட்டும் சொல்லாத. நீ நாளைக்குப் போயிடுவ. இங்க அவளும் நானும்தான் இருக்கணும்."

சின்னவள் மூன்று உறைகளையும் தரையிலிருந்து எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

பத்து நிமிட நடைதான். அதை நடக்க அவளுக்கு மாலை ஐந்து மணி ஆயிற்று. இடையில் எங்கெல்லாம் சுற்றினாள் என்பது அவளுக்கே சரியாகத் தெரியாது. ஒரு மருந்துக் கடையில் நின்று தேவையே இல்லாத பஞ்சுப் பொட்டலம் ஒன்றை வாங்கியிருந்தாள்.

உதவியாளர் அம்மாள் வீட்டுக்குப் போயிருந்தார். பெரியவள் பரிசோதனை அறையில், சோதனை வில்லைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அவற்றின் பள்ளத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகையின் விளக்கு எரிந்தது.

"கண்ணாடி மேசை மேல இருக்கு. எடுத்துக்கலாம்" என்றாள், திரும்பாமல்.

"கண்ணாடிக்கு வரலக்கா."

"இங்க வேற எதுவும் விக்கிறதில்ல."

சின்னவள் உறைகளை வில்லைப் பெட்டியின் மேல் வைத்தாள். பெரியவளின் கை அப்படியே நின்றது. உறையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தாளின் தலைப்பில் அத்தானின் பெயர் இருந்தது. அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதியதுதானே அது.

"எதுக்கு இத எடுத்துட்டு வந்த?"

"அதோட பின் குத்தி வச்சிருக்கற ரசீதப் பாரு. பெற்றுக்கொண்ட தேதியப் பாரு."

பெரியவள் தாளை எழுத்துப் பலகையின் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். வாடிக்கையாளரின் கண்ணைப் பார்ப்பது போலவே பார்த்தாள், அவசரமில்லாமல், பக்கவாட்டில் சாய்த்து. பிறகு உறையின் முத்திரையைப் பார்த்தாள். கிழிந்த விளிம்பை விரலால் தடவினாள். புதிதாகக் கிழிந்த தாளின் விளிம்பு வெள்ளையாக இருக்கும்.

"இன்னைக்கா?"

"காலைல ஒன்பதரைக்கு."

"நடிக்கிறியா?"

"இல்லக்கா."

பெரியவள், கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் உட்காரும் உயரமான நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்து தங்கை பார்த்ததில்லை. கால் தரையைத் தொடவில்லை.

"வாசல்ல நின்னு மூஞ்சி ஊதியிருக்குன்னு சொன்ன" என்றாள். "எனக்குப் பால் அப்பவும் நிக்கல. மாருல துணியச் சுத்திட்டுக் கெடந்தேன். என்னைக் கட்டிப்பிடிக்கப் போறன்னு நெனச்சேன். நீ மூஞ்சி ஊதியிருக்குன்ன."

"தெரியாதுக்கா."

"சான்றிதழ் குடுத்தாங்க. பேர்ங்கற எடத்துல ஒரு கோடு. எத்தனையோ பேர் இருக்கு ஊருல, ஒண்ண வச்சிருக்கலாம். நான்தான் காத்திருந்தேன். அந்தக் கோட்டப் பாக்கும்போதெல்லாம் அத நீ போட்டதாத்தான் தோணும்."

சின்னவள் நின்ற இடத்திலேயே நின்றாள். நெருங்கலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த அறையின் நீளமே பன்னிரண்டு அடிதான்.

பெரியவள் கண்ணை மூடித் திறந்தாள். அவள் மனத்தில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான்கு வருடத்தின் ஒவ்வொரு நாளையும் எடுத்து, பார்த்து, வேறொரு பள்ளத்தில் வைக்கிற கணக்கு. அது எங்கே போய் நிற்கும் என்று சின்னவளுக்குத் தெரிந்தது. அதற்குள் வெளியே ஓடிவிடலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தாள்.

"இந்த நாலு வருஷத்துல நீ ஒரு தடவகூட அம்மாகிட்ட கேக்கலையா, நான் ஏன் பேசறதில்லன்னு?"

"கேட்டேன்."

"எப்போ?"

"வந்து ரெண்டு வாரத்துல."

"அப்ப அம்மாவுக்குத் தெரியுமா? உனக்குத் தெரியாதுங்கறது?"

பொய் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. இரண்டு எழுத்துகூட வேண்டாம், தலையை அசைத்தால் போதும். அம்மா கேட்டதும் அதைத்தான். ஆனால், யாரோ யாருக்கோ நல்லது என்று நினைத்துச் சொல்லாமல் விட்டதன் மேல்தான் இந்த நான்கு வருடம் நின்றிருக்கிறது. அதன் மேல் இன்னும் ஒன்றை வைக்க அவளுக்குக் கை வரவில்லை.

"தெரியும்" என்றாள்.

காரணத்தையும் சின்னவளே சொன்னாள்.

"என்மேல கோவம் இருந்தாதான் நீ எந்திரிச்சு நிப்பன்னு நெனச்சாங்களாம். அதனால விட்டுட்டாங்களாம்."

"எந்திரிச்சேன்ல" என்றாள் பெரியவள். குற்றச்சாட்டும் இல்லை, நன்றியும் இல்லை அந்தக் குரலில். நாற்காலியிலிருந்து இறங்கினாள். கைப்பையை எடுத்தாள். கடைச் சாவியைத் தங்கையின் உள்ளங்கையில் வைத்தாள். நான்கு வருடத்தில் அக்காவின் விரல் அவள் மேல் பட்டது அப்போதுதான். சில்லென்று இருந்தது.

"நானும் வரேன்."

"வேணாம். இது எனக்கும் அவங்களுக்கும். யாராவது வந்தா நாளைக்கு வரச் சொல்லு." வாசல் வரை போனவள், திரும்பிப் பார்க்காமலே நின்றாள். "அந்தக் கண்ணாடியப் போட்டுப் பாரு நண்டு. மூக்குல சரியா உக்காரலன்னா சொல்லு."

சிறு வயதில் அவள் வைத்த பெயர் அது. சின்னவள் "சரிக்கா" என்று சொல்வதற்குள் தெருவில் இறங்கிவிட்டாள்.

கடிகாரத்தில் ஆறு ஆக ஐந்து நிமிடம் இருந்தபோது கைப்பேசி அடித்தது. அம்மா.

"சொல்லிட்டியா?"

"ம்."

"என்னைப் பத்தியும்?"

"கேட்டாம்மா. என்னால முடியல."

அம்மா திட்டுவாள் என்று சின்னவள் எதிர்பார்த்தாள். திட்டவில்லை. "இப்ப எங்க இருக்கா?" என்றாள்.

"அங்கதான் வந்துட்டிருக்கா."

பிறகு அம்மா, "மத்தியானம் சாப்பிட்டாளா அவ?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா."

"வச்சுடாத. கூடவே இரு."

அழைப்பு மணி கேட்டது. கைப்பேசியை எங்கோ வைக்கும் ஓசை. அம்மாவின் செருப்பு தரையில் இழுபட்டுப் போகும் ஓசை. தாழ்ப்பாள்.

ஆயிரம் மைலுக்கு அப்பால் பூமி அசைவதைக் கண்டுபிடிக்கும் கருவிகளோடு பழகியவள், பத்து நிமிட நடைத் தொலைவில் இருக்கும் ஒரு கூடத்தை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். அழுகை இல்லை. சத்தம் இல்லை. ஒரு பொருள் கீழே விழவில்லை. காலுறைகளுக்கு நடுவில் யாரோ நடந்து வருகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

கைப்பேசியை யாரோ எடுத்தார்கள்.

"கேட்டுட்டிருக்கியா?" என்றாள் பெரியவள்.

"ம்."

"வை."

இணைப்பு அறுந்தது. சின்னவள் திரும்ப அழைத்தாள். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள், இப்போது அம்மாவின் கைப்பேசி அணைக்கப்பட்டிருந்தது.

வண்டிக்கு இன்னும் பன்னிரண்டு மணி நேரம் இருந்தது.